நான்காவது பொத்தான்

டொட்டோரி, ஜப்பான்,
டிசம்பர் 4

சிகூசாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு வைத்த இடத்தில் இருக்கிறது, காலையில் பார்த்த ரத்த அழுத்தம் டாக்டர் போட்டுக் கொடுத்த கோட்டுக்குள்தான் நின்றது, மூன்று வேளையும் வயிற்றுக்கு ஏதாவது போய்க்கொண்டிருக்கிறது. நீயும் அந்த ஆம்ஸ்டர்டாம் குளிரில் சளி பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். உன் விஷயத்தில் அந்த வார்த்தையை இனிமேல் கொஞ்சம் யோசித்துத்தான் போட வேண்டும்.

இங்கே போன வியாழக்கிழமை முதல் பனி விழுந்தது, தரையில் நிற்கவில்லை. நண்டு இறங்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது, உசுகி ஒன்று வாங்கி வந்து பாதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. நான் ஓட்டின ரயிலில் பத்தொன்பது வருஷம் கார்டாக இருந்தவன், இன்னமும் என்னை அண்ணே அண்ணே என்று சொல்லிக்கொண்டே சதுரங்கத்தில் தோற்கடிக்கிறான். பின்பக்கக் கூரையில் இரண்டு ஓடு நகர்ந்திருந்தது, ஆள் வைத்துச் சரி பண்ணிவிட்டேன். அம்மாவின் படம் வைத்த பீடத்தில் தினமும் சூடாகச் சோறு வைக்கிறேன், நேற்று கடைசிப் பேரிக்காய் ஒன்று இருந்தது, அதையும் நறுக்கி வைத்தேன். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆகிறது. ஒரு வரியை மேலிருந்து கீழே எழுதி முடித்து அடுத்த வரிக்கு இடப்பக்கம் நகரும்போது, அந்த வரி எனக்குத் தெரியாத பக்கத்துக்குள் போய்விடுகிறது. ஸ்கேலை வைத்துத் தலையைத் திருப்பித் திருப்பி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே.

நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அடைப்பு வந்து என் மூளையில் செத்தது இடப்பக்கப் பார்வையை வாங்குகிற இடம்தான், காது இல்லை. மூளை ஆராய்ச்சியில் உங்கள் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து ஒரே அறையில் என்னை வைத்துச் சோதிக்கப்போகிறீர்கள், யார் சொல்வது சரி என்று இதில் தெரிந்துவிடும், உனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "புதுசா ஒண்ணும் இல்லப்பா, போன தடவை பொத்தானை அழுத்தின மாதிரியே அழுத்தினாப் போதும்" என்றாய். நான் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவுக்குப் பயணம் என்றால் பயம் என்று நீ நினைத்திருப்பாய். பயமெல்லாம் இல்லை. உன்னோடு பேச நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். ஏன் எழவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு நம் ஊர் நூலகத்தில் உன்னுடைய சொற்பொழிவைத் திரையில் போட்டார்கள். உனக்கு இது தெரியாது, நானும் சொல்லவில்லை. "நம் ஊர்ப் பெண் உலக மேடையில்" என்று வாசலில் பெரிய தாள் ஒட்டியிருந்தார்கள், அறுபது நாற்காலி போட்டு அறுபதும் நிறைந்து பின்னால் நின்றுகொண்டும் இருந்தார்கள். எனக்கு முன்வரிசை. சட்டையில் வெள்ளைக் காகிதப் பூ ஒன்றைக் குத்திவிட்டார்கள். அம்மாவின் காரியத்துக்குப் போட்ட கோட்டுத்தான், டை மட்டும் புதிது, அதற்கென்றே கடைக்குப் போய் வாங்கினேன் என்பதையும் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். உசுகி என்னை இடது ஓரமாக உட்கார வைத்தான், அப்போதுதான் திரை முழுக்க எனக்கு வலப்பக்கம் விழும். நீ நீலக் கோட்டில் வந்து நின்றாய். மெலிந்திருந்தாய். நீ பேசப் பேசக் கீழே நம் பாஷையில் எழுத்து ஓடியது. பார்ப்பது என்றால் என்ன, ஒரு பொருளிலிருந்து வெளிச்சம் கண்ணுக்குள் வருவது பார்ப்பதா, அது மூளையின் பின்பக்கத்தில் போய்ச் சேருவது பார்ப்பதா, முன்பக்கத்துக்கு வந்து எல்லாருக்கும் அறிவிக்கப்பட்டால்தான் பார்ப்பதா, இல்லை நான் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தால்தான் பார்ப்பதா என்று ஒவ்வொரு கட்சியாக எடுத்துச் சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய். ஸ்டேஷன் ஒலிபெருக்கியை வைத்து நீ சொன்ன உதாரணத்துக்கு ஜனங்கள் சிரித்தார்கள். அது நான் உனக்குச் சொன்ன உதாரணம். போன பிப்ரவரியில் நண்டுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, நீ உங்கள் கட்சிக் கொள்கையை விளக்க விளக்க, சிக்னல் அறையில் இருப்பவனுக்கு வண்டி வருவது தெரியும், ஆனால் ஒலிபெருக்கியில் சொன்னால்தானே ஸ்டேஷனுக்கே தெரியும், அது போலவா என்று நான் கேட்டேன், நீ தொடையில் தட்டி அதேதான் என்றாய். எடுத்துக்கொள், அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. திரையில் அதைக் கேட்டபோது பெருமையாகக்கூட இருந்தது, பக்கத்தில் உசுகியை முழங்கையால் இடித்தேன்.

அதற்கப்புறம் திரையில் நான் வந்தேன். கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டு, பெயர் சொல்லாமல், எழுபத்தோரு வயது நோயாளி என்று சொன்னாய். அடடா, என்ன ஒரு மறைப்பு! உன் அம்மா பின்னின அந்தப் பச்சை ஸ்வெட்டர் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பின்வரிசையில் யாரோ, "அட, நம்ம டிரைவர்யா!" என்று சத்தமாகவே சொன்னார்கள். நோயாளி பேசுகிறான். சாயங்காலம் தேநீரோடு உட்கார்ந்தால் இடப்பக்கத்தில் செத்துப்போன மனைவி ஃபுமியே முழங்காலை மடித்து உட்கார்ந்து பச்சைப் பயற்றங்காய் உரிப்பது போல இருக்கிறது என்கிறான். தெரியவில்லை, ஆனால் இருக்கிற மாதிரி இருக்கிறது என்கிறான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறான். அந்தப் படத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு நீ சொன்னாய், பார்வை இல்லாத இடத்தை மூளை காலியாக விட்டுவைக்காது, ஆசைப்பட்டதைக் கொண்டு நிரப்பும் என்று. இவருடைய இடப்பக்கத்தில் பார்க்கப்படுபவரும் இல்லை, பார்ப்பவரும் இல்லை, அது யாருமில்லாத அறை என்றாய். திரையில் அந்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அதைப் பார்த்து நம் ஊர்க்காரர்களும் கைதட்டினார்கள். நான் நெஞ்சில் காகிதப் பூவோடு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் எல்லாரும் வந்து கும்பிட்டுக் கும்பிட்டு வாழ்த்துச் சொன்னார்கள், அது ஒரு பக்கம். முடிதிருத்துகிற கொய்தே இருக்கிறானே, அவன் என் இடப்பக்கமாக வந்து நின்றுகொண்டு, "டிரைவர் ஐயா, என் கை மேல இருக்கா கீழ இருக்கா? சும்மா அடிச்சு விடுங்க, கரெக்டா வருமாமே!" என்றான். நல்லவன்தான், விளையாட்டுப் புத்தி. நானும் வாய் தவறிக் கீழே என்று சொல்லித் தொலைத்தேன். சரியாக இருந்தது. அதற்கு ஒரு கைதட்டல். இன்னும் இரண்டு பேர் வரிசையில் வந்து நின்றார்கள். உசுகிதான், "போங்கய்யா, மனுஷன் என்ன வித்தைக் குரங்கா?" என்று அதட்டி என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். அந்த ஆள் வீடு வரைக்கும் என் கையை விடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "அண்ணே, அண்ணியப் பத்தி மட்டும் அவ சொல்லியிருக்க வேணாம்" என்றான். அவனிடம்கூட நான் அதுவரை சொல்லாத விஷயம் அது. அறுபது பேரோடு சேர்ந்து அவனும் அன்றுதான் தெரிந்துகொண்டான்.

இப்போது கேட்கிறேன், சிகூசா, நன்றாக யோசித்துப் பார். போன பிப்ரவரியில் பத்து நாள் சோதனை முடிந்த அன்று சாயங்காலம், நம் வீட்டில் எட்டுப் பாய் விரித்த அறையில் ஜன்னலுக்குக் கட்டிய கறுப்புத் துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை, ஹயாசே கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தான். பாவம், அந்தப் பையன் உன் கீழே வேலை பார்க்கிறவன், அவனை நான் குற்றம் சொல்லவில்லை. சோதனைக்காக இல்லப்பா, சும்மா கேக்குறேன், இடது பக்கம் எப்படித்தான் இருக்கும் சொல்லுங்க என்று நீ கேட்டாய். அது அம்மா விஷயம், முதலில் அதை நிறுத்து என்று நான் கேமராவைக் காட்டினேன். "நிறுத்தியாச்சுப்பா" என்றாய். உன் வாயால் சொன்னாய். நான் எதிரில் இருந்த கோப்பையைப் பார்த்தபடி குனிந்தேன். அந்த நேரம் என் இடப்பக்கத்தில், தரையை ஒட்டினாற்போல, வெளிறின ஏதோ ஒன்று ஒரு சுற்றுச் சுற்றின மாதிரி இருந்தது. கை மாதிரி. ஓடட்டும், நிறுத்தாதே என்று ஒருவர் இன்னொருவருக்குக் காட்டுகிற கை மாதிரி. நிச்சயமில்லை. நிச்சயமில்லாததைச் சொல்லி மகளைச் சந்தேகப்படுவதா என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டுப் பேசினேன். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல? எனக்கு அந்தப் பக்கம் தெரியாது என்று நீ ஊரெல்லாம் சொல்வதற்கு முன்னாலேயே உனக்கு அதில் அத்தனை நம்பிக்கை, அதனால்தான் கையை அந்தப் பக்கத்தில் வைத்துக் காட்டினாய்.

நீங்கள் சம்மதத் தாளில் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறீர்களே என்று நீ சொல்லலாம். குத்தினேன். மூன்று பக்கம், நீ காட்டின இடத்திலெல்லாம், ஒரு எழுத்தும் படிக்காமல் குத்தினேன். முப்பத்தெட்டு வருஷ வேலையிலும் அதற்குப் பிறகும் நான் படிக்காமல் முத்திரை வைத்த தாள் அது ஒன்றுதான். மற்ற தாளையெல்லாம் நீட்டியவர்கள் என் மகள் இல்லை, அதனால் படித்தேன். பெற்ற மனம் பித்து என்பது இதுதான் போலிருக்கிறது. அந்தத் தாளைக் காட்டி நீ எந்தச் சபையில் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். என்னிடம் ஜெயிக்க முடியாது.

சரி, இது என் வருத்தம். இனி எழுதப்போவது உன் தலையில் விழும், உட்கார்ந்துகொண்டு படி. அந்தச் சோதனையில் நாலு பொத்தான் வைத்திருந்தாய். இடப்பக்கம் ஒரு சின்ன வெளிச்சம் மின்னும், மேலேயா கீழேயா என்று ஊகித்து முதலில் அழுத்த வேண்டும், அப்புறம் அந்த நாலில் ஒன்று. தெளிவாகத் தெரிந்தது, மங்கலாகத் தெரிந்தது, என்னவென்று சொல்ல முடியவில்லை ஆனால் ஏதோ இருந்தது, ஒன்றுமே இல்லை. அறுநூறு தடவையில் ஐந்நூற்று எண்பதுக்கு மேல் நான் நான்காவதைத்தான் அழுத்தினேன் என்று சொன்னாய். மேலே கீழே மட்டும் பத்துக்கு எட்டுக்கு மேல் சரியாக வந்தது. பார்வை இல்லை, ஆனால் உடம்புக்குத் தெரிகிறது, பிரக்ஞை இல்லாமலே மூளை வேலை செய்கிறது என்று அதை வைத்துத்தான் நீ கட்டுரை எழுதினாய், மேடையேறினாய். ஒரே ஒரு கேள்வியை நீ யாரையும் கேட்கவில்லை. இந்த ஆள் எதைப் பார்த்தேன் என்று சொல்லுவான், எதைச் சொல்ல மாட்டான்? ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவன் கேட்காமல் விட்டால் பரவாயில்லை. ரயில் ஓட்டுகிறவன் வீட்டில் பிறந்த நீ கேட்கவில்லையே.

நாங்கள் விரலை நீட்டிக் குரல் கொடுக்கிறவர்கள், கூப்பிடுவது என்போம். புறப்பாடு சிக்னல், பச்சை! வேகம், நாற்பத்தைந்து! வேறு ஆளே இல்லாத என்ஜின் அறையில்கூட வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ், சரி, ஜன்னல், சரி என்று நான் கத்துவதைக் கேட்டு நீயும் அம்மாவும் எத்தனை தடவை கேலி பண்ணியிருப்பீர்கள். அதற்கு ஒரு சட்டம் உண்டு, கேலி பண்ணினவர்களுக்கு அது தெரியாமல் போயிற்று. நிச்சயமாகப் பார்த்ததைத்தான் கூப்பிட வேண்டும். துளி சந்தேகம் இருந்தால் அது சிவப்பு. எனக்கு இருபத்துநாலு வயசில், பனி கொட்டுகிற ஒரு காலையில், சுரங்கத்தைத் தாண்டினதும் பச்சை தெரிந்த மாதிரி இருந்தது, பச்சை என்று கூப்பிட்டு வண்டியை விட்டேன். பயிற்சி கொடுத்தவர் பக்கத்தில் நின்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நெசமாப் பாத்தியா என்றார். தெரிந்த மாதிரி இருந்தது ஐயா என்றேன். அடுத்த ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டார்கள். ஒரு மாதம் பணிமனையில் வண்டி ஜன்னல் துடைத்தேன். நான் அழுதுகொண்டே, பச்சையாகத்தானே ஐயா இருந்தது என்று கேட்டதற்கு அவர், "பச்சையா இருந்தது சிக்னலோட சமத்து. நீ பாத்தேங்கிறது உன் பொய்" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும், தெரிந்த மாதிரி இருந்ததை நான் ஒருநாளும் கூப்பிட்டது இல்லை. உன் நாலு பொத்தானை என் முன்னால் வைத்தபோதும் அதேதான் செய்தேன். நிச்சயமா? இல்லை. அப்படியானால் நான்கு. தட்டு, நான்கு. தட்டு, நான்கு. இடப்பக்கத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னதாக நீ உலகத்துக்குச் சொன்னாய். கூப்பிடுகிற அளவுக்கு இல்லை என்றுதான் நான் சொன்னேன். கூப்பிடாதது வேறு, பார்க்காதது வேறு.

இருந்தது, சிகூசா. ஒவ்வொரு தடவையும் இல்லை, பாதித் தடவைக்கு மேல் இருந்தது. வெளிச்சம் என்று சொல்ல முடியாது, பனிமூட்டத்துக்குள் யாரோ அசைந்த மாதிரி ஒன்று. நான் உன்னிடம் அதைச் சொல்லாமலும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சில சமயம் என்னமோ இருக்கிற மாதிரி இருக்கிறதே என்று சொன்னேன். நீ ஹயாசேயைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு என்னிடம், "அது மூளை கட்டுற கதைப்பா. தெரியலைன்னா தெரியலைன்னே அழுத்துங்க, குழப்பிக்காதீங்க" என்றாய். இதை உன் கட்டுரையில் எழுதினாயா? உசுகியின் பேத்தியை வைத்து நம் பாஷையில் வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்டேன், அதில் அது இல்லை. நான் சந்தேகத்தை மறைத்தேன் என்றால் அது என் தொழில். நீ மறைத்தது என்ன தொழில்?

என் பக்கமும் தப்பு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நான்காம் நாளுக்கு மேல் நான் நான்கை அழுத்தினதெல்லாம் சட்டத்துக்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு நான்குக்கும் நீ மூச்சை மெதுவாக விடுவது காதில் விழுந்தது. அம்மா போய் நாலு வருஷத்தில் இந்த வீட்டில் நீ அத்தனை சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. மகளுக்கு இதுதான் வேண்டுமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கொஞ்சம் சுலபமாகவே அழுத்தினேன். ஆக, நானும் உன்னை ஏமாற்றியிருக்கிறேன். ஆனால் நான் உனக்குக் கொடுப்பதற்காக ஏமாற்றினேன், நீ என்னிடமிருந்து எடுப்பதற்காக ஏமாற்றினாய். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீ பயப்பட வேண்டாம். உன் அம்மா அங்கே வந்து உட்காருகிறாள் என்று நான் எந்த நாளும் சொல்லவில்லை. செத்தவர்கள் பயற்றங்காய் உரிக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். சாம்பலை நான்தான் எடுத்து வைத்தேன். அவள் இருப்பது போல இருக்கிறது என்பது மட்டும்தான் நான் சொன்னது, அது எனக்கு நடக்கிறது, அதை நடக்கவில்லை என்று சொல்ல உனக்கு எந்தக் கட்சியும் அதிகாரம் கொடுக்கவில்லை. அந்த நூலகத்து நாளுக்குப் பிறகு, சொன்னால் நம்புவாயோ என்னவோ, இடப்பக்கம் வெறிச்சென்று இருக்கிறது. தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அறுபது பேர் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அவள் வருவதில்லை. பாவி, அதைக்கூடக் கெடுத்துவிட்டாயே என்று உன்னை நினைத்து நினைத்து வயிறு எரிகிறது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், எழுதியதை அடித்து அழிக்கவும் மாட்டேன்.

ஏப்ரலில் நான் வருகிறேன். டிக்கெட்டைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. அங்கே வந்து முகவாயை அந்தத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தால், இந்தத் தடவை எனக்குத் தெரிந்த மாதிரி இருப்பதையெல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது என்றே அழுத்துவேன். மூன்றாவது பொத்தானை நீங்கள் அதற்குத்தானே வைத்திருக்கிறீர்கள்? எழுபத்திரண்டு வயசில் சட்டத்தை மீறினால் யாரும் என்னை ஜன்னல் துடைக்க அனுப்ப மாட்டார்கள். அதனால் உன் கட்டுரை விழுமா, எதிர்க்கட்சி ஜெயிக்குமா, அந்த நிரந்தர வேலை என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாது என்பது பொய், நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். உனக்கு வேண்டாம் என்றால், அப்பா வர வேண்டாம் என்று சொல்லிவிடு, வரவில்லை. வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அதைத் தாளில் முத்திரை குத்திக் கொடுக்கவும் தயார்.

ஆனால் முடிவு பண்ணுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்று சாயங்காலம் நான் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாய். ஹயாசே கேமராவின் சின்னத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேமரா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நீ சத்தம் ஒன்றும் போடவில்லை. நான் தலையைத் திருப்பவில்லை, திருப்பியிருந்தால் நானும் உடைந்திருப்பேன். அந்த யாருமில்லாத அறையில், உன் முகம் இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு கை போய்ப் போய் வந்த மாதிரி இருந்தது. முதலில் ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, பிறகு கை அங்கேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கண்ணைத் துடைக்கிற கை. அப்படித்தான் எனக்கு இருந்தது. நிச்சயமில்லை, அதனால் அன்று கூப்பிடவில்லை. நூலகத்தில் நீ யாருமில்லை என்று சொன்னபோது எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது, உன் அம்மாகூட இல்லை. நீ அழுதிருந்தால் நான் பார்த்திருக்கிறேன், அங்கே பார்ப்பவர் இருக்கிறார், அதை நீதான் உன் சபையில் எழுந்து சொல்ல வேண்டும். நீ அழவில்லை என்றால் உன் கட்டுரை நிற்கும், என் மூளை ஆசைப்பட்டதைக் கொண்டு நிரப்பிக்கொண்டது என்று நானே முத்திரை குத்தித் தருகிறேன். அந்த இடத்தில் இருந்தது நீ ஒருத்திதான். எனக்கு வேறு சாட்சி இல்லை.

உன் அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உனக்கு எப்போதும் உண்டு, கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. கழுத்தைச் சுற்றிக் கம்பளி போட்டுக்கொள், சைக்கிளில் போகும்போது மூடுபனி இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. ஹயாசேயை நான் விசாரித்ததாகச் சொல். போன் பண்ணாதே, எழுது, உன் கையால் எழுது. நீளமாக வேண்டாம், மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒரே வரி போதும். அழுதாயா, இல்லையா. அழுத மாதிரி இருந்தது என்று எழுதாதே.

உன் அப்பா,
சுமிதா இவாவோ